காயம் உடம்பில் இருந்தால் போதாது, காகிதத்திலும் இருக்கணும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டிலோ தெருவிலோ முன்னாள் ராணுவத்தினர் யாராவது இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நான் வேலை பார்ப்பது கோவில்பட்டியை ஒட்டின கரிசல் பக்கம், ஒரு அரசு ஆஸ்பத்திரியில். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் உளுந்து, பருத்தி, மிளகாய். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். ரெண்டும் சரிப்படாத இளவட்டங்கள் ஒரு காலத்தில் ரயிலேறிப் பட்டாளத்துக்குப் போனார்கள். அதனால் எங்கள் ஓ.பி.யில் எந்த நாளும் ஒரு மிலிட்டரிக்காரராவது இருப்பார். வரிசையில் நேராக நிற்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அப்படி வந்தவர்தான் இந்த ஐயா. வயது அறுபது. இடுப்பு வலி, இடது கால் வரைக்கும் இழுக்கிறது. கூடவே மனைவி. பரிசோதித்துவிட்டு எம்.ஆர்.ஐ. எழுதினேன்.

எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். அதனால் எடுக்கும் முன்னால் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்போம். "உடம்புக்குள்ள இரும்பு, பிளேட், ஸ்க்ரூ ஏதாவது இருக்கா?"

ஐயா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவா, "தொடையில இருக்கலாம் சார்" என்றார்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். இடது தொடைச் சதைக்குள் மூன்று வெள்ளைப் புள்ளிகள். ரெண்டு மிளகாய் விதை அளவு, ஒண்ணு துவரம்பருப்பு அளவு. ஓரமெல்லாம் ஒழுங்கில்லாமல் பிய்ந்த மாதிரி. குண்டு வெடித்துச் சிதறின துண்டுகள்.

"எங்க வந்தது ஐயா?"

"யாழ்ப்பாணம் சார். 87 அக்டோபர்."

பக்கத்தில் நின்ற அம்மா திடுக்கிட்டு அவரைப் பார்த்தார்கள். "35 வருசமா அத பைக் ஆக்சிடென்ட்னுல்ல சொன்னீக?"

இதற்கு மேல் போக ஒரு சின்ன வரலாறு வேண்டும். 1987 ஜூலை 29ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டது. 1990 மார்ச் 24ல் கடைசி அணி திரும்பியது. இடையில் ஏறக்குறைய 1200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் பல ஆயிரம். திரும்பி வந்த படையை வரவேற்க அன்றைய முதல்வர் கலைஞர் போகவில்லை. அன்றைக்குத் தமிழ்நாட்டின் மனநிலை அது. அதற்குக் காரணமும் இருந்தது.

ஒரு மருத்துவராக நான் மறக்கக் கூடாத தேதி ஒன்று உண்டு. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் அமைதிப்படை நுழைந்து சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள், ஊழியர்கள் என 60 பேருக்கு மேல் இறந்தார்கள். கைகளைத் தூக்கிக்கொண்டு வந்த டாக்டரும் அதில் ஒருவர். அந்த இறப்புகளுக்கு இன்றுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை.

ஐயா அந்த இடத்தில் இருந்தவர் இல்லை. அதற்குச் சில நாள் முன்பே அடிபட்டு, பலாலியிலிருந்து விமானத்தில் ஏற்றப்பட்டு, சென்னை மிலிட்டரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஆனால் 88ல் லீவுக்கு ஊருக்கு வந்தபோது டீக்கடையில் ஒருத்தர் கேட்டாராம், "அங்க போயி நம்ம சனத்தையேவாய்யா சுட்டுட்டு வந்தே?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து தொடைத் தழும்பு பைக் ஆக்சிடென்ட் ஆகிவிட்டது. கல்யாணம் ஆனபோதும் அதே கதை. பிள்ளைகளுக்கும் அதே கதை.

கடைசியில் 2001ல் பட்டாளத்தை விட்டு வரும்போது மெடிக்கல் போர்டு. பழைய காயம், கோளாறு ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டார். "வீட்டுக்குப் போனா போதும்னு இருந்துச்சு சார்" என்றார் என்னிடம். காகிதத்தில் அந்தக் கட்டம் "இல்லை" என்று ஏறிவிட்டது.

இப்போ அவர் தொடையில் இரும்பு இருக்கிறது. ஆனால் அவர் ஆவணங்களின்படி அவருக்குக் காயமே படவில்லை.

இதில் என்ன போச்சு என்று கேட்கலாம். நிறைய போச்சு.

ராணுவத்தில் ஊன ஓய்வூதியத்தை 'ஏ'யிலிருந்து 'இ' வரை ஐந்து பிரிவாகப் பிரிக்கிறார்கள். பணிக்குச் சம்பந்தமில்லாத கோளாறு 'ஏ'. போர், எல்லை மோதல், கண்ணிவெடி போன்றவற்றில் வந்தது 'இ'. வெளிநாட்டில் அமைதிப்படையாகப் போய் அங்கே நடந்த மோதலில் பட்ட காயமும் 'இ'யில்தான் வரும். சாதாரண ஊன ஓய்வூதியத்தைவிடப் போர்க்காய ஓய்வூதியம் கணிசமாகக் கூடுதல். 50 சதவீதத்துக்குக் கீழான ஊனத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் சலுகையும் உண்டு.

பதக்கமும் இதே கதைதான். எதிரியின் தாக்குதலில் நேரடியாகக் காயம்பட்டவர்களுக்கு 'பராக்ரம் பதக்' என்ற காயப் பதக்கம் இருக்கிறது. இலங்கை போய்வந்தவர்களுக்கு 'ஸ்ரீலங்கா' என்று பட்டை போட்ட விதேஷ் சேவா பதக்கம் தனி. ஐயாவிடம் ரெண்டாவது இருக்கிறது. டிரங்குப் பெட்டிக்கு அடியில், நாப்தலின் உருண்டைகளோடு. முதலாவது, காயமே இல்லாதவருக்கு எப்படி வரும்?

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை.

ஹென்றி ஜான்சன் என்று ஒரு கறுப்பின அமெரிக்க வீரர். முதல் உலகப்போரில், 1918 மே மாதம், பிரான்சில் ஒரு ராத்திரி காவலில் இருந்தபோது ஜெர்மானியப் படை ஒன்று சூழ்ந்துகொண்டது. துப்பாக்கி நின்றுபோய்க் கத்தியாலேயே சண்டை போட்டு, கூட இருந்தவரைக் காப்பாற்றினார். உடம்பில் 21 காயம். ஆனால் படையிலிருந்து விடுவித்த காகிதத்தில் காயம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாகும்வரை காயத்துக்கான பதக்கம் இல்லை. பழைய வேலையைச் செய்ய முடியாமல் நொடிந்துபோய் 1929ல் செத்தார். காயத்துக்கான பர்ப்பிள் ஹார்ட் 1996ல் வந்தது. மிக உயர்ந்த மெடல் ஆஃப் ஆனர் 2015ல். செத்து 86 வருஷம் கழித்து.

இன்னும் பழசாக வேண்டுமா? எங்கள் பாஞ்சாலங்குறிச்சிக்கே வாருங்கள்.

1801ல் கோட்டை விழுந்தபின், அடிபட்டுக் கிடந்தவர்களுக்கு நடுவே ஒரு தாய் மகனைத் தேடிப் போகிறாள். மகன் உயிரோடு கிடக்கிறான். "என்ன விடு, பக்கத்துல கிடக்கிற சாமியக் காப்பாத்து" என்ற பொருளில் சொல்கிறான். 'சாமி' என்பது ஊமைத்துரை. அவள் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறாள். தேடி வந்தவர்களிடம், துணியைப் போர்த்தி, அம்மை கண்டு செத்த உடம்பு என்று அழுது திருப்பி அனுப்பிவிடுகிறாள். இந்தக் கதை நமக்குத் தெரிவதற்குக் காரணம், எதிர்த்தரப்பில் நின்ற வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி அதைத் தன் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்ததுதான். இறந்த ஆங்கிலேயர்களின் கல்லறை கோட்டைக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. நம்ம பக்கம் கிடந்தவர்களின் பட்டியல் எங்கே?

எழுதி வைக்காத காயம் ஒரு தலைமுறையில் கதையாகும். அடுத்த தலைமுறையில் அதுவும் போகும்.

நான் தினமும் செய்யும் வேலையிலேயே இதைப் பார்க்கிறேன். அடிதடி, விபத்து, தீக்காயம் என்று யார் வந்தாலும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் ஏ.ஆர். போடுவோம். காயத்தின் நீளம், ஆழம் ஒரு பக்கம். "எப்படி வந்தது" என்று நோயாளி சொல்வது இன்னொரு பக்கம். அரிவாள் வெட்டு, மாடியிலிருந்து விழுந்ததாக மாறும். வேலை செய்த இடத்தில் மருந்து பற்றி எரிந்தது, "வீட்ல அடுப்பு பத்திக்கிச்சு" என்று சொல்லிக்கொடுத்துக் கூட்டிவரப்படும். அந்த ஒரு வரியில் அந்தப் பெண்ணின் நஷ்டஈடு போய்விடும். மூணு வருஷம் கழித்துக் கோர்ட்டில் நிற்கும்போது எல்லாரும் பார்ப்பது அந்த வரியைத்தான்.

ஐயா விஷயத்தில் நான் செய்தது என்ன? அவர் கேஸ் ஷீட்டில் ரெண்டு வாக்கியம் எழுதினேன். இடது தொடையில் பழைய உலோகத் துண்டுகள் மூன்று, எக்ஸ்ரேயில் தெரிகின்றன. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் குண்டுவெடிப்பில் பட்டதாக நோயாளி சொல்கிறார்.

அவ்வளவுதான் என்னால் எழுத முடியும். துண்டு இருக்கிறது என்று எக்ஸ்ரே சொல்லும். எந்த வருஷம், யார் வீசியது என்று சொல்லாது. "இது போர்க்காயம்" என்று சான்று கொடுக்க எனக்கு அதிகாரமும் கிடையாது. அதைச் சொல்ல வேண்டியது ராணுவ ஆவணமும் ராணுவ மெடிக்கல் போர்டும்.

அதனால் முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள் செய்ய வேண்டியது:

ஒண்ணு. டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படியுங்கள். காயம், மெடிக்கல் கேட்டகரி, பதக்கம் எல்லாம் சரியாக ஏறியிருக்கா என்று பாருங்கள்.

ரெண்டு. காயம்பட்ட காலத்துக் காகிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, கடிதம், போட்டோ, எல்லாம். ராணுவத்தில் காயம்பட்டவரை 'பேட்டில் கேஷுவால்டி' என்று அறிவித்து 'பார்ட் 2 ஆர்டர்' போடுவார்கள். அந்த ஆர்டர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மூணு. உங்கள் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். உங்கள் சொந்த மருத்துவ ஆவணங்களை ஆர்.டி.ஐ.யிலும் கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள்.

நாலு. கூட இருந்த சிப்பாய் உயிரோடு இருந்தால் அவரிடம் வாக்குமூலம் வாங்குங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அஞ்சு. மறுத்தால் மேல்முறையீடு உண்டு. அதற்கும் மேலே ஆயுதப்படை தீர்ப்பாயம், சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. 2013ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. சேரும்போது கோளாறு இல்லை என்று எடுத்துக்கொண்டு, பிறகு அந்தக் கோளாறுக்காக வெளியே அனுப்பினால், அது பணியில் வந்ததாகவே கருத வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது அல்ல.

ஐயா வீட்டில் டிஸ்சார்ஜ் புக்குக்குள் மடித்து ஒரு சீட்டு கிடைத்தது. மிலிட்டரி ஆஸ்பத்திரி, 1987, 'ஸ்பிளின்டர் இஞ்சுரி'. எங்கே, எப்படி என்று அதில் இல்லை. ஆனால் தேதி இருக்கிறது. அதை வைத்து விண்ணப்பம் போயிருக்கிறது. எல்லாக் காகிதத்தையும் துணிக்கடைப் பையில் அடுக்கி வைத்து அலைந்தது அந்த அம்மாதான். பதில் இன்னும் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம்.

அவர் ஒரு தடவை கேட்டார். "இத எழுதிக் கேட்டா, அங்க நடந்தது எல்லாம் சரின்னு நான் சொன்ன மாதிரி ஆயிடுமா சார்?"

நான் சொன்னது இதுதான். காயத்தை எழுதுறது வேற, போரை நியாயப்படுத்துறது வேற. அந்த ஆஸ்பத்திரியில் செத்த டாக்டர்கள் பெயரும் எழுதப்படணும். இருபது சொச்சம் வயதில் அனுப்பப்பட்ட கரிசக்காட்டுப் பையன் தொடையில் இரும்பு ஏறினதும் எழுதப்படணும். ஒண்ணை எழுத இன்னொண்ணை அழிக்கத் தேவையில்லை. நடந்தது நடந்தபடி காகிதத்தில் இருந்தால்தான், எது சரி எது தப்பு என்று பின்னால் வருகிறவர்கள் பேசவே முடியும்.

என்னோடு வேலை பார்க்கும் இளைய டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தழும்பைப் பார்த்தால், "இது எப்படி வந்தது?" என்று கேளுங்கள். அவசரப்படாமல் கேளுங்கள், கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டும் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னதாகவே எழுதுங்கள்.



கரிசல் பூமியிலிருந்து,
ஒரு அரசு மருத்துவர்