சுரைக்குடுக்கையும் கயாக் படகும்

என் அண்ணன் மகன் கனடாவில் கால்கரி நகரத்தில் படிக்கிறான். போன ஆவணி மாதம் அவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஒருவர் மட்டும் காலை நீட்டி உட்காரக்கூடிய ஒல்லியான படகு. கயாக் என்று பெயர். பனிப் பிரதேசத்து இனுயிட் மக்கள் சீல் தோலை இழுத்துக் கட்டி வேட்டைக்குக் கொண்டுபோன படகுதான், இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. மடியில் தூண்டில், சுற்றிலும் மலை. தண்ணீரின் நிறமோ, சொன்னால் நம்ப மாட்டீர்கள். சொட்டு நீலத்தைக் குடம் குடமாகக் கொட்டி, மேலே ஒரு செம்பு பாலையும் ஊற்றின மாதிரி இருந்தது!

ஏப்ரகாம் ஏரி என்று பெயராம். பெயர்தான் ஏரி; உண்மையில் 1972-ல் கட்டின பிக்ஹார்ன் அணையின் நீர்த்தேக்கம். மேலே மலையில் பனிப்பாறை நகரும்போது அடியில் உள்ள கல்லை ஆட்டுக்கல் போல அரைத்துவிடுகிறது. அந்தக் கல்மாவு அடியில் படியாமல் தண்ணீரிலேயே மிதப்பதால்தான் அந்த நிறம் என்று அண்ணன் போனில் விளக்கினான்.

வீட்டில் எல்லாரும் நிறத்தைப் பார்த்து அதிசயித்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் போனைக் கிட்டே கொண்டு போயும் தள்ளிப் பிடித்தும் பார்த்தாள்.

"ஏட்டி, அவன் காலடியில செவப்பா கெடக்கே, அது என்னது?"

"லைஃப் ஜாக்கெட்மா. தண்ணியில விழுந்தா மிதக்கிறதுக்குப் போடுறது."

"அதை மேல போடாம கால்ல போட்டா மிதக்குமாக்கும்?"

அத்தனை பேர் பார்த்த படத்தில் அம்மாவுக்கு மட்டும் அது தெரிந்ததற்குக் காரணம் உண்டு.

1989-ல் அப்பாவுக்குப் பாபநாசம் மேலணையில் வேலை. காரையார் என்றால்தான் எங்கள் பக்கத்தில் தெரியும். 143 அடி அணை. பொதிகை மலைக் காட்டுக்குள் தாமிரபரணியைக் கட்டிப்போட்டிருக்கிறது. அந்தத் தண்ணீரும் நிறத்துக்குச் சளைத்ததல்ல. ஆனி, ஆடிச் சாரலில் செம்மண் கரைந்து வரும். தை, மாசியில் தெளிந்து மயில் கழுத்துப் பச்சைக்கு வந்துவிடும். காட்டின் நிழலும் ஆழமும் சேர்ந்த பச்சை அது. பார்த்தால் இறங்கத் தோன்றும், அதுதான் ஆபத்து.

அங்கே காணிக்காரர்கள் மூங்கில் தெப்பத்தில் போய் மீன் பிடிப்பார்கள். அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்குப் பத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தெரியாமல், காணி வீட்டுப் பையன் ஒருவனுடைய தெப்பத்தை வாங்கிக்கொண்டு அண்ணன் தனியாகப் போய்விட்டான். மண்புழு கோத்த தூண்டிலும் ஒரு தகர டப்பாவும்தான் துணை. நான் கரையில் காவல். அம்மா வந்தால் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு.

மூன்று கெண்டை பிடித்துவிட்டதாக விரலைக் காட்டினான். அதற்குள் மலையிலிருந்து காற்று இறங்கிவிட்டது. தெப்பம் தானாக நடுவே போக ஆரம்பித்தது. அணை கட்டும்போது மூழ்கின மரங்கள் தண்ணீருக்குள்ளேயே மொட்டையாக நிற்கும். அதில் ஒன்றில் இடித்துக் கட்டு தெறித்து, மூங்கில் தனித்தனியாகப் பிரிந்தது. அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. ஒற்றை மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவன் கத்தினது இன்றும் என் காதில் கேட்கிறது. ஒரு காணிக்காரத் தாத்தா இன்னொரு தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போய், தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்.

கரையில் கூடினவர்கள் அவனைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றப் பார்த்தார்கள், குடித்த தண்ணீர் வெளியே வரட்டும் என்று. அது கூடவே கூடாது என்கிறார்கள் டாக்டர்கள். வயிற்றை அமுக்குவதும் தப்பு. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரத் துணியை மாற்றிக் கதகதப்பாகப் போர்த்த வேண்டும். மூச்சு இல்லையென்றால் அந்த நிமிஷமே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டும். பிள்ளை எழுந்து விளையாடினாலும் இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அம்மா அன்றைக்கு அடிக்கவில்லை. "தண்ணிப் பக்கம் போனா காலை ஒடிச்சிருவேன்" என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் பேசவே இல்லை. கோடை லீவு விட்டதும் எங்கள் இரண்டு பேரையும் கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டை முதுகில் கயிற்றால் கட்டி, படித்துறையில் எங்களை இறக்கி, தானும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். அம்மாவுக்கு நீச்சல் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்!

"வயசுக்கு வரப்போற பிள்ளையை நாலு பேரு பாக்க ஆத்துல எறக்குதியே" என்று பெரியம்மை படியில் நின்று சத்தம் போட்டாள்.

"ஆத்துக்கு ஆம்பளப் பிள்ளை, பொம்பளப் பிள்ளைன்னு தெரியுமாக்கா?" என்றாள் அம்மா.

ஒரு வாரம் போனதும் ஒரு குடுக்கையை அவிழ்த்தாள். எனக்குத் தெரியாமல் இன்னொன்றையும் என்றைக்கோ அவிழ்த்திருக்கிறாள். திரும்பிப் பார்க்கும்போது அது படியில் கிடக்கிறது, நான் நடு ஆற்றில்!

காரையாரில் இன்று அப்படியெல்லாம் நினைத்தபடி இறங்க முடியாது. 1988-லேயே அந்தக் காடு புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. வரவரக் கட்டுப்பாடு இறுகிவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான்.

படம் வந்த அன்று ராத்திரியே மைனி கனடாவிலிருந்து கூப்பிட்டாள். "அங்க காத்து பலமா அடிக்குமாம். அவனைப் போக வேண்டாம்னு நீயாவது சொல்லு" என்று அழாத குறை. பனி உருகி வரும் தண்ணீர், நீச்சல் தெரிந்தவனுக்கே விழுந்தவுடன் மூச்சு திணறும், கொஞ்ச நேரத்தில் கைவிரல் மரத்துப் போகும் என்று அண்ணனும் பயந்தான். நானும் போக வேண்டாம் என்று சொல்லத்தான் போனை வாங்கினேன். அம்மா என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"ஏல, போகணும்னா போ. சட்டையைப் போட்டு வாரையும் மாட்டிட்டு, ஒரு கூட்டாளியோட போ. அடுத்த படத்துல எனக்கு அது தெரியணும்."

"வேர்க்குது ஆச்சி, அதான் கழட்டுனேன்."

"உங்கப்பன் மூங்கிலைப் பிடிச்சிட்டுக் கெடந்தப்போ எனக்கும்தான் வேர்த்துது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தன் அப்பா அப்படிக் கிடந்த கதை அவனுக்கு யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு படம் வந்தது. சிவப்புச் சட்டை கழுத்து வரை இறுக்கி மாட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொரு படகும் இருந்தது. அம்மா திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, "சரி, மீனை எங்க?" என்றாள். புல் டிரவுட் என்று ஒரு மீனாம். அந்த மாகாணத்தில் அதைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டுமாம்.

"திரும்ப விடுறதுக்கா அவ்வளவு தூரம் போனான்?" என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.