கழகத்துக் கொப்பி

ஓர் ஊரின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று எவரேனும் வினவினால், கச்சேரியிலும் கல்வெட்டிலும் மட்டுமன்று, அவ்வூர் விளையாட்டுக் கழகத்தின் கணக்குக் கொப்பியிலுந்தான் என்று நான் விடை கூறுவேன். அவ்வாறு கூறும் எனக்கு, அத்தகைய கொப்பி ஒன்றைக் கைவிட்டு வந்த குற்றமும் உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வாழும் என் மைத்துனர் சில மாதங்களுக்கு முன் ஒரு நூலை அனுப்பியிருந்தார். கோதுமை விளையும் சிற்றூர் ஒன்றின் உதைபந்தாட்டக் கழக வரலாறு அது. அந்நாட்டார் ஆடுவது நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. மைதானமும் நீள்வட்டம், பந்தும் நீள்வட்டம், பக்கத்துக்குப் பதினெண்மர். பந்தைக் கையாற் பிடிக்கலாம், எறிதல் ஆகாது. குத்தியோ உதைத்தோதான் பிறர்க்குக் கொடுக்கவேண்டும். இரு முனையிலும் நந்நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களிடையே உதைத்துச் செலுத்தினால் 6 புள்ளி. ஓரத்தே சென்றால் 1. கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் உடல் தளராதிருக்கவேண்டுமென்று தோம் வில்ஸ் என்பவர் 1858இல் எடுத்துரைத்தார். 1859இல் மெல்பேர்ண் கழகத்தார் விதிகளை எழுதிவைத்தனர். பின்னர் அவ்வாட்டம் ஊர்தோறும் பரவியது.

நூலைப் புரட்டப் புரட்ட எனக்கு வியப்பே மேலிட்டது. மைதானத்தைச் சமன்செய்தவர் யார், பலகாரம் விற்றுப் பணம் சேர்த்த பெண்கள் யார், உலகப் போரால் ஆட்டம் நின்ற ஆண்டுகள் எவை, போருக்குச் சென்று மீளாத இளைஞர் யாவர் என்பனவெல்லாம் அதில் இருந்தன. பிற்காலத்தில் இயந்திரங்கள் வந்து, பண்ணைகள் பெருத்து, குடும்பங்கள் அருகின. பதினெண்மர் சேராத நிலையில், பரம்பரைப் பகையான அயலூர்க் கழகத்தோடு கைகோத்து இரட்டைப் பெயர் பூண்டனர். அந்நாட்டு நாட்டுப்புறக் கழகங்கள் பலவற்றின் கதையும் இதுவே.

ஊரே இரு பக்கமாய் நின்று ஆடுவது மட்டக்களப்பாருக்குப் புதிதோ? கண்ணகி வழிபாட்டோடு ஒட்டிய கொம்புமுறியில் வடசேரி, தென்சேரி என இரு கட்சிகள் உண்டு. வளைந்த கொம்பு இரண்டைக் கொளுவிக் கயிறு பூட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பர். எக்கட்சி என்பது பிறப்பாலேயே வருவது. பத்தினித் தெய்வத்தை வணங்கும் சிங்கள மக்களிடத்தும் ‘அங்கெலிய’ என்ற பெயரில் இவ்விளையாட்டு உண்டு. பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளிவந்த ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலில் கொம்பு விளையாட்டைப் பதிந்துவைத்தமையால் அது நமக்கு மிஞ்சியது. எழுதப்படாதவை எத்தனை மறைந்தனவோ!

செங்கலடியிலிருந்து பதுளை செல்லும் வீதியில் உள்ளது எங்கள் கரடியனாறு. நெல்லும் மாடும் எங்கள் செல்வம். நகரத்தாருக்கு வெபர் அடிகளாரின் பெயர் தாங்கிய மைதானம் உண்டு. எங்களுக்கோ அறுவடை முடிந்த வட்டையே மைதானம். வீட்டுக்கு ஒரு மரைக்கால் நெல் தண்டிப் பந்து வாங்கினோம். என் இருபதுகளில் நானே கழகத்தின் செயலாளன். நெல் கொடுத்தவர் பெயர், பந்தின் விலை, அயலூரோடு ஆடி வென்றதும் தோற்றதும், ஆடினோர் பதினொருவர் பெயர் ஆகிய யாவற்றையும் ஒரு தடித்த கொப்பியில் எழுதிவந்தேன்.

2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் போரினால் இடம்பெயர நேர்ந்தது. எறிகணைச் சத்தம் நெருங்கியபொழுது அம்மா விளக்கை எடுத்தார். நான் என் பட்டச் சான்றிதழ்களை எடுத்தேன். கொப்பி வளையில் செருகியிருந்தது; அதனைக் கண்டேன்; சுமை என்று விட்டேன். மீண்டு வந்தபோது கூரையும் இல்லை, கொப்பியும் இல்லை.

இவ்வாண்டு கழகத்து இளைஞர்கள் என்னிடம் வந்தனர். “சேர், மலர் ஒன்று போடப்போகிறோம். கழக வரலாற்றை எழுதித் தாருங்கள்” என்றனர். தொடங்கிய ஆண்டைக் கேட்டனர், எனக்குத் தெரியவில்லை. மாணாக்கருக்கு ஆண்டுகளை மனனஞ் செய்விக்கும் ஆசிரியன் நான்!

வெட்கத்தோடு பழைய கோற்காப்பாளர் ஒருவரிடம் சென்றேன். அவர் சிரித்தார். “கொப்பி போனாப் போகட்டும் மனே. ஆக்கள் இருக்கிறாங்கதானே? கேட்டு எழுதுகா” என்றார்.

அன்று தொட்டு ஞாயிறுதோறும் வீடு வீடாகச் செல்கிறேன். ஒருவர் சொன்ன ஆண்டை மற்றவர் மறுக்கிறார். தோல்விகளை எவரும் ஒப்புவதில்லை! ஒரு வீட்டில் மூதாட்டியொருவர் பெட்டியைத் திறந்து, மடித்துவைத்த பழைய ஆட்டச் சட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். போர்க்காலத்தில் காணாமற்போன அவர் மகன் எங்களோடு வலப்புறம் ஆடியவன். “அவன்ட பேரை எழுதினாயா மனே?” என்று கேட்டார். முன்பு பலமுறை எழுதிய பெயர்தான். கொப்பியோடு அதனையும் விட்டுவிட்டு வந்தவனல்லவா நான்? அவர் முன்னிலையிலேயே புதிய கொப்பியின் முதற் பக்கத்தில் அப்பெயரை எழுதினேன். எழுத்தறியாத அத்தாய் அவ்வரியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

வெளிநாட்டார் நூலைப்போல் எங்கள் வரலாறு நிறைவாக அமையாது. புள்ளிவிவரம் குறையும், ஆண்டுகள் முன்பின்னாகும். ஆயினும் பெயர்கள் இருக்கும். மாணவச் செல்வங்களே, உங்கள் ஊரிலும் ஒரு கழகம் இருக்கும். அதன் முதியவர் சிலர் இன்னும் திண்ணையில் அமர்ந்திருப்பர். வரும் ஞாயிறன்று ஒரு கொப்பியோடு அவர்களிடம் செல்லுங்கள். எழுதியபின் அதனை ஒரே வீட்டில் வையாதீர்கள்; இன்னொரு படி எடுத்து வேறொரு வீட்டிலும் வையுங்கள்.