பாறை சொல்லும் பாடம்

1755-இல் ஹைதர் அலி பௌஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்த வரலாற்றை எம் நகரத்தார் பலரும் அறிவர். ஆனால் அவர் ஆண்ட கோட்டையைத் தாங்கும் பாறையைப் பற்றிக் கேட்டால், நாம் மௌனிகளே.

அந்த அறியாமைக்கு எங்கள் குடும்பம் விலை கொடுத்தது. தோட்டத்தில் என் அத்தா மூன்று கிணறுகள் வெட்டினார். மூன்றிலும் கண்டது பாறையே. கடன்தான் ஊறியது.

அத்தா மறைந்து பல்லாண்டுகளுக்குப்பின், பெங்களூரில் நிலவியல் சொற்பொழிவொன்றைக் கேட்டேன். 1958-இல் இந்திய நிலவியல் சங்கம் தோன்றிய நகரம் அது. கடும்பாறை நிலத்தில், மேலே சிதைந்த அடுக்கிலும் அடியிலுள்ள வெடிப்புகளிலுமே நீர் தங்கும். வெடிப்பில்லாப் பாறையை எவ்வளவு தோண்டினும் பயனில்லை என்றார் அறிஞர். எனக்குக் கண்கள் பனித்தன.

அவ்வுரை எம் மலைக்கோட்டை அடிவாரத்தில், உழவர் நடுவே, தமிழில் நிகழவேண்டும். வெட்டுமுன் கேட்கவேண்டியதை வெட்டி ஓய்ந்தபின் கேட்டு என்ன பயன்?