ரசம் போன கண்ணாடி

பழைய சுவர்க்கண்ணாடியில் கறுப்புப் புள்ளி விழுந்தால், "ரசம் போயிடுச்சு, புதுசாப் பூசிக் குடுங்க" என்று எங்களிடம் தூக்கிவருகிறார்கள். பூசக் கூடாது என்பது என் கட்சி. ரசம் என்றால் பாதரசம். நாங்கள் இன்று பூசுவதோ வெள்ளி. பெயர் மாறாததால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். அந்தக் காலத்தில் வெள்ளீயத் தாளை மேசையில் விரித்து, பாதரசத்தை ஊற்றி, கண்ணாடியை அதன்மேல் மெல்ல நழுவவிட்டு, பாரம் ஏற்றி, மிஞ்சிய ரசம் வடிய நாள்கணக்கில் காத்திருந்தார்கள். 1684இல் முடிந்த பிரான்சின் வெர்சாய் அரண்மனைக் கண்ணாடிக் கூடத்தின் 357 கண்ணாடிகளுக்கும் இதே வேலைதான். பாதரசக் கண்ணாடியின் பிம்பம் சற்று நீலம் கலந்த சாம்பல். மெழுகுவத்தி வெளிச்சத்துக்கு அது பொருந்தும். வெள்ளியை அதன் உப்பிலிருந்து பிரித்துக் கண்ணாடியில் படியவைக்கலாம் என்று ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1835இல் கண்டார். பாதரசம் மெல்ல மெல்லப் பட்டறையைவிட்டுப் போனது. அதன் ஆவியை மூச்சில் வாங்கி வாங்கி உழைத்தவர்களுக்கு அது விடுதலை.

"முகம் தெரியாத கண்ணாடி எதற்கு?" என்பார்கள். நியாயமான கேள்விதான். முகம் பார்க்கக் கடையில் ஆயிரம் கண்ணாடி கிடைக்கிறது. பழைய பூச்சைச் சுரண்டினால் திரும்ப வராது. சுரண்டும்போது பாதரசம் காற்றில் கலக்கும் என்பதும் உண்டு. அதே கண்ணாடிக்கு வெள்ளி ஏற்றினால், பளீரென்ற பிம்பத்தில் கண்ணாடியின் அலையும் குமிழும் அழுக்குபோல் உறுத்தும். சாம்பல் பூச்சு அவற்றைத் தன்னோடு அணைத்துக்கொண்டிருந்தது. எல்லாப் பழைய கண்ணாடிக்கும் இதைச் சொல்லவில்லை. பின்னால் பெயிண்ட் உரிந்து, ஓரத்தில் ஈரம் ஏறிக் கறுத்த வெள்ளிக் கண்ணாடி என்றால், தயங்காமல் புதுப் பூச்சு போடலாம்; அதில் இழப்பதற்கு அதிகமில்லை.

எது எது என்று பிரிக்க வெள்ளைத் தாளின் நுனியைக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். தாளைவிடப் பிம்பம் நீலச் சாம்பலாகத் தெரிந்து, பின்புறம் பெயிண்ட் இல்லாமல் உலோகம் பளிச்சிட்டால் அநேகமாகப் பாதரசம். அதைப் படுக்கவைக்காதீர்கள், தலைகீழாக்காதீர்கள்: கீழ் ஓரத்தில் தேங்கிய ரசம் ஓடி நல்ல பகுதியையும் கெடுக்கும். துடைக்கும் மருந்தைக் கண்ணாடியில் தெளிக்காமல் துணியில் தொட்டுத் துடையுங்கள்.