சுண்டெலி ரோபோவின் பலகை

புதிர்ப்பாதைக்குள் தானே வழி கண்டுபிடித்து ஓடும் சின்ன ரோபோவுக்கு மைக்ரோமவுஸ் என்று பெயர். அதன் சர்க்யூட்டைத் தாங்கும் பி.சி.பி.தான் அதன் உடம்பும். மோட்டார்கள் அந்தப் பலகைமேலேயே திருகப்படுகின்றன. சக்கரங்கள் இரு விளிம்பிலும் நிற்கின்றன. பேட்டரி முதுகில் உட்காருகிறது. மோட்டாரை 5 மி.மீ. முன்னே தள்ளினால் எடைமையம் மாறும், திருப்பத்தில் சக்கரம் வழுக்குவது மாறும், மின்னோட்டம் திரும்பி வரும் செம்புத் தடமும் மாறும். சர்க்யூட்டைத் தனியே முடித்துவிட்டு, பிறகு அதைச் சுமக்க ஒரு வண்டி தேடுபவரின் ரோபோ பெரிதாகவும் மெதுவாகவும்தான் வந்து சேரும்.

இந்த எலிக்கு ஒரு முன்னோடி உண்டு. 1950இல் கணிதவியலாளர் கிளாட் ஷானன் செய்த ‘தீசியஸ்’ என்ற எலி, புதிர்ப்பாதையில் ஒருமுறை தடவித் தடவிச் சென்ற வழியை நினைவில் வைத்து மறுமுறை நேராகப் போனது. ஆனால் அதன் மூளை தரைக்கு அடியில், தொலைபேசி ரிலேக்களில் இருந்தது. மேலே ஓடியது காந்தத்தால் இழுபட்ட மர எலி. மூளையைத் தானே சுமந்து ஓடும் எலிகளுக்கான போட்டியை ஐ-டிரிபிள்-ஈ அமைப்பின் ‘ஸ்பெக்ட்ரம்’ இதழ் 1977இல் அறிவித்தது. இறுதிச்சுற்று 1979இல் நியூயார்க்கில் நடந்தது. நுழைவாயிலும் வெளிவாயிலும் ஓரத்திலேயே இருந்ததால், யோசிக்காமல் சுவரை ஒட்டியே ஓடிய எந்திரங்கள் அதில் முந்திக்கொண்டன. அடுத்த ஆண்டு லண்டனில் நடந்த ஐரோப்பியப் போட்டிக்கு அதன் அமைப்பாளர் ஜான் பில்லிங்ஸ்லி இலக்கைப் பாதையின் நடுவுக்கு மாற்றினார். சுவரைப் பிடித்துக்கொண்டே போனால் நடுவை அடைய முடியாதபடி பாதை அமைந்தது. எலி வரைபடம் போட வேண்டிய கட்டாயம் அங்கிருந்து வந்தது. ஜப்பானில் 1980 முதல் தேசியப் போட்டி நடக்கிறது, இந்தியாவில் ஐ.ஐ.டி. பம்பாயின் டெக்ஃபெஸ்ட் விழாவிலும் மைக்ரோமவுஸ் போட்டி நடந்திருக்கிறது.

பலகையின் அளவைப் போட்டி விதியே தீர்மானிக்கிறது. 16க்கு 16 கட்டங்கள். ஒவ்வொன்றும் 18 செ.மீ. சதுரம், சுவர் 5 செ.மீ. உயரம், 1.2 செ.மீ. தடிமன். சுவருக்குச் சுவர் இடைவெளி 16.8 செ.மீ. என்பதால் நிறைய இடம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் வேகமான எலிகள் படிக்கட்டு போல வளைந்து போகும் வழியைக் குறுக்கே மூலைவிட்டமாகக் கடக்கின்றன. அங்கே சுவர்கள் சேரும் கம்பங்களுக்கு இடையே கிடைப்பது சுமார் 11 செ.மீ. மட்டுமே. 7.5 செ.மீ. அகலமுள்ள எலிக்கு இரு பக்கமும் 2 செ.மீ. கூட மிஞ்சாது. வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகும்போது மில்லிவினாடிக்கு 3 மி.மீ. நகர்ந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மிச்சம் எவ்வளவு குறைவு என்று புரியும்.

எடையும் பலகையிலேயே தொடங்குகிறது. வழக்கமான 1.6 மி.மீ. கண்ணாடியிழைப் பலகை 10க்கு 7.5 செ.மீ. அளவில் ஏறத்தாழ 22 கிராம். 0.8 மி.மீ. தடிமனில் அது பாதியாகும்; ஆனால் முன்மூக்கு அதிரத் தொடங்கும், அங்கே இருக்கும் சென்சாரும் கூடவே அதிரும். முதல் பலகை செய்பவருக்கு 1.6 மி.மீ.தான் நல்லது.

வடிவமைப்பைக் கன்ட்ரோலர் சிப்பிலிருந்து தொடங்குவது மாணவர்களிடம் பரவலான பழக்கம். ஆனால் சக்கர அச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும், அடுத்தது கண்கள், மற்றவை மிச்சமுள்ள இடத்தில் அடங்கிக்கொள்ளும். கண்கள் என்பவை சுவரை உணரும் சென்சார்கள், பெரும்பாலும் நான்கு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வீசும் எல்.இ.டி. ஒன்று, திரும்பி வரும் ஒளியை வாங்கும் போட்டோடிரான்சிஸ்டர் ஒன்று. இரண்டு ஜோடிகள் நேராக முன்னே பார்க்கும். இரண்டு பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கும். வெள்ளைச் சுவரில் பட்டு வரும் ஒளியின் அளவை வைத்து எலி தூரத்தைக் கணிக்கிறது. எல்.இ.டி.யின் ஒளி பக்கத்திலேயே இருக்கும் டிரான்சிஸ்டருக்குள் நேரடியாகக் கசிந்தால் அந்தக் கணக்கு முழுதும் பொய்யாகும். ஆகவே இரண்டுக்கும் நடுவே கறுப்பு ஹீட்-ஷ்ரிங்க் குழாயோ தடுப்போ நிற்கப் பலகையில் முன்பே இடம் விட வேண்டும். பலகை கைக்கு வந்தபின் இதற்கு இடம் தேடுவது மகா சிரமம்.

சுற்றியுள்ள வெளிச்சமும் கண்ணுக்குள் வந்து விழுகிறது. ட்யூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகிறது. எல்.இ.டி. அணைந்திருக்கும்போது ஒரு அளவு, எரியும்போது ஒரு அளவு எடுத்து, முன்னதைப் பின்னதிலிருந்து கழித்துவிட்டால் மிஞ்சுவது சுவரின் பதில். இரண்டு அளவுக்கும் இடைவெளி நூறு மைக்ரோவினாடிக்குள் இருந்தால் ட்யூப்லைட்டின் துடிப்பு தொந்தரவு செய்யாது. வெயில் வேறு விஷயம். முழுப் புதிர்ப்பாதை ஏறத்தாழ 2.9 மீட்டர் சதுரம். சென்னைக்கு மேற்கே திருமழிசையில் ஒரு சாதாரண வீட்டு அறையில் அதை விரிக்க இடம் இருக்காது, மொட்டை மாடிதான் நினைவுக்கு வரும். பகல் வெயிலின் அகச்சிவப்பு அங்கே போட்டோடிரான்சிஸ்டரை நிரப்பிவிடும். ஏற்கனவே நிரம்பிய கண்ணில் கழித்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது. அறைக்குள் 5க்கு 5 கட்டங்கள் போட்டால் 90 செ.மீ. சதுரம் போதும், திருப்பங்களையும் கண்களையும் சரிபார்க்க அதுவே தாராளம். சன்னல் வெளிச்சத்தைத் தாங்கும்படி டிரான்சிஸ்டருடன் சேரும் ரெசிஸ்டரின் மதிப்பைப் பலகை வந்தபின் மாற்றிப் பார்க்க வசதி வைப்பது புத்திசாலித்தனம்.

அடுத்தது மின்சாரம். இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் தரும். சிப்புக்கு வேண்டியது 3.3. லீனியர் ரெகுலேட்டர் ஒன்றே இந்த வேலையைச் செய்தால், 200 மில்லிஆம்பியர் ஓடும்போது ஒரு வாட் வெப்பமாக அதிலேயே எரியும். மேற்குச் சென்னையின் மே மாதத்தில் அறையே நாற்பது டிகிரியை நெருங்கும்போது, விரல் நகம் அளவுள்ள சிப்புக்கு ஒரு வாட் கொஞ்சநஞ்சமல்ல. ஸ்விட்சிங் ரெகுலேட்டரால் முதலில் 5 வோல்ட்டுக்கு இறக்கி, பிறகு லீனியர் ஒன்றால் 3.3க்கு வருவது சூட்டையும் இரைச்சலையும் சமாளிக்கும்.

பலகையின் மின் இரைச்சலில் மோட்டார்தான் பெரிய சத்தக்காரர். சக்கரம் சுவரில் சிக்கினால் ஒரு மோட்டாரே ஓர் ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். 35 மைக்ரான் செம்பில் ஓர் ஆம்பியருக்கு 0.3 மி.மீ. ட்ராக் சூடு தாங்கும் என்றாலும், மோட்டார் வழிகளை 2 மி.மீ. அகலமாகவோ செம்புப் பரப்பாகவோ விடுவதே சரி. அகலத்தைவிட முக்கியமானது மின்னோட்டம் திரும்பும் வழி. மோட்டார் டிரைவரை பேட்டரி கனெக்டருக்குப் பக்கத்தில் வைத்தால், அதன் மின்னோட்டம் அங்கேயே சுற்றித் திரும்பிவிடும். முன்மூக்கில் இருக்கும் கண்களின் கிரவுண்டை அது தொடாது. கிரவுண்ட் செம்பைக் கத்தியால் அறுத்தது போல இரண்டாகப் பிரிப்பதைவிட, முழுசாக விட்டுவிட்டு உதிரிகளை இடம் பார்த்து வைப்பது மேல். ஒவ்வொரு ஐ.சி.யின் மின்காலுக்கும் ஒட்டினாற்போல் 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, கண்களின் எல்.இ.டி.க்கு அருகே பெரியது ஒன்று. துடிப்பின்போது எல்.இ.டி. கேட்கும் நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியரை அதுதான் கொடுக்கும்.

திரும்பும் வேகத்தை அளக்கும் கைரோவை எங்கே வைப்பது என்று பலர் குழம்புகிறார்கள். திரும்பும் வேகம் பலகையின் எந்த மூலையிலும் ஒன்றே. மோட்டாரின் சூட்டிலிருந்தும் அதிர்விலிருந்தும் விலகியிருந்தால் போதும். புரோகிராம் ஏற்றும் கேபிளின் சாக்கெட் மட்டும் மேலிருந்து செருகும்படி இருக்க வேண்டும். பக்கவாட்டில் நீட்டினால் சுவரில் உரசும்.

உதிரிகளுக்குத் திருமழிசைக்காரர் பூந்தமல்லி வழியாக மவுண்ட் ரோடு ரிச்சி தெருவுக்குத்தான் போவார். சக்கரத்தின் நடுக்கட்டையையும் மோட்டார் தாங்கியையும் கடைந்து தர அம்பத்தூர்ப் பக்கம் லேத் பட்டறைகள் ஏராளம். பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் செல்போன்கள் லட்சக்கணக்கில் உருவாகின்றன. ஒற்றைப் பலகை வேண்டுபவருக்கு அந்த ஆலைகளால் பயனில்லை. வீட்டில் ஃபெரிக் குளோரைடில் அரித்தெடுக்கும் ஒருபக்கப் பலகை மோட்டார் டிரைவரைத் தனியே சோதிக்கப் போதும். நெருக்கமான கால்களுள்ள சிப்புக்கு இரண்டு அடுக்குப் பலகைதான் வழி. பிரான்சில் ஜான்-பியர் ஷாராஸ் 1992இல் தொடங்கிய இலவச மென்பொருளான கைகேடில் வரைந்து, கெர்பர் கோப்புகளைத் தயாரிப்பாளருக்கு அனுப்பலாம்.

அனுப்பும் முன் பலகையின் படத்தை அசல் அளவில் காகிதத்தில் அச்சிட்டு அட்டையில் ஒட்டி, மோட்டார், சக்கரம், பேட்டரி மூன்றையும் அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். சக்கரத்தில் உரசும் கெபாசிட்டரும், பேட்டரிக்கு அடியில் மறையும் பொத்தானும் அப்போதே அகப்படும். பலகை வந்ததும் ரெகுலேட்டரை மட்டும் சால்டர் செய்து 3.3 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்ப்பது முதல் வேலை. அதன்பின் கன்ட்ரோலர், அதன்பின் ஒரே ஒரு கண், அது சுவரைச் சரியாகச் சொன்னபின் மற்ற மூன்று, கடைசியாக மோட்டார்கள்.