மழைக்கு ஒரு பாடம்

நான் கார் கத்துக்கப் போனது மே மாசம். சென்னையில் கத்திரி வெயில். ஸ்டீயரிங்கைத் தொட்டால் தோசைக்கல்! பயிற்சி வண்டியில் மாஸ்டர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அதை நான் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தே நாளில் ராஜா மாதிரி ஓட்டினேன்.

அப்புறம் ஆபீஸ் வேலை, தங்கை கல்யாணம் என்று வகுப்பு நின்று போச்சு. எல்.எல்.ஆருக்கு ஆயுள் ஆறே மாசம். அக்டோபர் கடைசியில் அலறியடித்துக்கொண்டு போனால்... வடகிழக்குப் பருவமழை!

"வெயில்ல ஓட்டினதை மறந்துடுங்க சார். முன்னாடி வண்டிக்கும் நமக்கும் இடைவெளி டபுளா இருக்கணும். பிரேக்கை ஒரே மிதியா மிதிக்காதீங்க. முன்னாடியே காலை வெச்சு மெள்ள அமுக்குங்க. இல்லேன்னா வழுக்கிடும்" என்றார் மாஸ்டர்.

அடுத்த திருப்பத்தில், குடையை முகத்துக்கு நேரே பிடித்தபடி ஒரு பள்ளிக்கூடப் பையன் குறுக்கே வந்தான். அமுக்கினேன். என் நெஞ்சு நின்றது. வண்டியும் நின்றது, நாலடி தள்ளி. பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

"நல்லவேளை மாஸ்டர், சமயத்துல பிரேக் போட்டீங்க!"

"மே மாசம் பூரா நான்தான் சார் போட்டேன். இன்னிக்குத்தான் நீங்க போட்டீங்க!"

ராஜா யாரென்று அப்போதுதான் புரிந்தது.

லைசென்ஸ் வாங்கியாச்சு. ஆனாலும் மழை நாளில், பக்கத்து சீட்டுக்குக் கீழே பிரேக் இல்லை என்பதை ஒரு தடவை நினைத்துக்கொண்டுதான் சாவியைத் திருகுகிறேன்.