நெடுந்தீவு: படகு இருந்தால்தான் பயணம்... படகு இருந்தால்தான் வாழ்க்கை!

'நெடுந்தீவு அருகே தமிழக மீனவர்கள் கைது.' இந்தச் செய்தியைப் படிக்காத தமிழ் வாசகர் இருக்க முடியாது. அந்த நெடுந்தீவு எப்படி இருக்கும்? அங்கே யார் இருக்கிறார்கள்? காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பதால், யாழ்ப்பாணம் போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரக்கூடிய தீவு அது.

கடல் தாண்டுவது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. நேமத்தான்பட்டி போன்ற நகரத்தார் ஊர்களில் 'கொண்டுவிக்கப் போறது' என்றால், கப்பலேறி வெளிநாட்டில் தொழில் செய்யப் போவது என்று அர்த்தம். பர்மா, மலேயா, இலங்கை எனப் போனவர்களின் அடையாளமாகக் கொழும்பில் இன்றும் செட்டியார் தெரு இருக்கிறது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு, நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் மறுபடி தொடங்கியது. 2024 ஆகஸ்டில் அந்தப் பாதைக்கு வந்த கப்பலின் பெயர் என்ன தெரியுமா? 'சிவகங்கை'! சுமார் 4 மணி நேரப் பயணம். பாஸ்போர்ட், விசா அவசியம். மழைக்காலத்தில் சேவை நிறுத்தப்படும் என்பதால், அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

குறிகட்டுவானில் தொடங்கும் பயணம்

யாழ்ப்பாணம் நகரிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணை, புங்குடுதீவு எனத் தீவுகளைத் தாண்டிச் சாலை குறிகட்டுவானில் முடிகிறது. அதற்குப் பிறகு கடல்தான். ஒரு படகு நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போகும். கூட்டம் பெரும்பாலும் அதில்தான். இன்னொன்று நெடுந்தீவுக்கு; சுமார் ஒரு மணி நேரம்.

அந்தப் படகில் ஏறினால், இது சுற்றுலாப் படகு அல்ல என்பது சட்டென்று புரிந்துவிடும். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், காய்கறிக் கூடை, வேலைக்குப் போகும் ஆசிரியர்கள் என ஒரு ஊரே அதில் இருக்கும். கடல் கொந்தளிக்கும் நாள்களில் படகு ஓடாது. அன்றைக்குத் தீவுக்குள் எதுவும் வராது. தீவிலிருந்து யாரும் வெளியே போக முடியாது.

குதிரை, கோட்டை, பெருக்கமரம்

சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரப்பு, தட்டையான நிலம், ஊரெங்கும் பனை. மாவிலித்துறையில் இறங்கியதும் ஆட்டோ கிடைக்கும். முதலில் கண்ணில் படுவது மதில்கள். பவளக் கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே வேலி கட்டியிருக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுக்குப் பேர்போன செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது நிச்சயம் ஆச்சர்யம்தான்.

டச்சுக்காரர்கள் தங்கள் ஊரின் நினைவாக இந்தத் தீவுக்கு 'டெல்ஃப்ட்' என்று பெயர் வைத்தார்கள். இங்குள்ள பழைய கோட்டையின் சிதைந்த சுவர்களும் பவளக் கல்தான். பக்கத்திலேயே தூதுப் புறாக்களை வளர்த்த புறாக்கூடு கோபுரம் நிற்கிறது. ஐரோப்பியர்கள் விட்டுச் சென்ற குதிரைகளின் வழி வந்தவை, வெட்டவெளியில் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. கடும் வறட்சியில் தண்ணீர் கிடைக்காமல் அவை செத்து விழுந்ததும் உண்டு.

குழந்தைகளுக்குப் பிடிப்பது பெருக்கமரம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். அடிமரத்தில் இருக்கும் பொந்துக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம்!

மறக்க முடியாத 'குமுதினி'

மாவிலித்துறையில் ஒரு நினைவிடம் இருக்கிறது. அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். 1985 மே 15 காலை, இங்கிருந்து குறிகட்டுவானுக்குக் கிளம்பிய 'குமுதினி' படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தைகள், பெண்கள் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கடற்படையினர்தான் கொன்றார்கள் என்பது உயிர் தப்பியவர்களின் குற்றச்சாட்டு. ஆண்டுதோறும் மே 15 அன்று தீவு மக்கள் இங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

அதற்குப் பிறகும் அதே கடலில், அதே வழியில்தான் இவர்கள் போய் வந்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. பிரசவமோ, மாரடைப்போ, பெரிய சிகிச்சை என்றால் கடல் தாண்டித்தான் யாழ்ப்பாணம் போக வேண்டும். நல்ல குடிநீருக்கும் இங்கே தட்டுப்பாடுதான். மின்சாரத்துக்கு டீசலை நம்பியிருக்கும் நிலையை மாற்ற, நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று மூலம் மின்சாரம் தயாரிக்கும் திட்டத்துக்கு இந்தியா நிதியுதவி செய்கிறது. 2024 மார்ச்சில் அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* காலையில் முதல் படகையே பிடித்துவிடுங்கள். இறங்கியதும் திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.
* குடிநீரைக் கையோடு கொண்டு போங்கள். தீவின் தண்ணீர் தீவு மக்களுக்கே போதாது.
* வெட்டவெளி அதிகம். தொப்பி, குடை அவசியம்.
* பவளக் கற்களை நினைவுப் பொருளாக எடுத்து வராதீர்கள். குதிரைகளை விரட்டிப் படம் எடுக்காதீர்கள்.
* திரும்பும் படகில் நோயாளிகள், முதியவர்கள் வந்தால் முதலில் அவர்களுக்கு இடம் கொடுங்கள். உங்களுக்கு அந்தப் படகு தவறினால் ஒரு ராத்திரி போகும். அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்னை.